மாநகராட்சியோடு இணைப்பா? எதிர்க்கும் ஊர்கள் செய்யக்கூடாத தவறுகள்

2024 முடிந்து 2025 பிறந்த நேரத்தில், தமிழ்நாட்டில் 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் விரிவாக்கப் போவதாக அரசு அறிவித்தது. அதற்காக இணைக்கப்படவிருந்த பக்கத்து ஊராட்சிகள் கொதித்துப் போயின. மறியல் நடந்தது, கறுப்புக் கொடி ஏறியது, ஆட்சியர் அலுவலக வாசலில் கூட்டம் நின்றது. அந்தக் கோபம் நியாயமானது. ஊராட்சி ஊராட்சியாகவே இருக்க வேண்டும் என்று நினைப்பவன்தான் நானும். ஆனால் எதிர்ப்பை முன்வைக்கும் விதத்தில் பல ஊர்கள் ஒரே மாதிரி தவறுகளைச் செய்கின்றன. அதில் வீணாவது அவர்களின் உழைப்புதான்.

முதல் தவறு, கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டால் இணைப்பு நின்றுவிடும் என்ற நம்பிக்கை. தீர்மானம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. எந்தப் பகுதி நகரம் என்பதை முடிவு செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 243கியூ பிரிவு ஆளுநரிடம், அதாவது நடைமுறையில் மாநில அரசிடம் தந்திருக்கிறது. எதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது: மக்கள்தொகை, அதன் நெருக்கம், உள்ளாட்சிக்கு வரும் வருவாய், விவசாயம் அல்லாத வேலை செய்பவர்களின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம். ஆகவே ‘எங்கள் ஊர் பழமையான ஊர், நாங்கள் ஒற்றுமையாக வாழ்கிறோம்’ என்று நாலு பக்கம் எழுதினாலும் கோப்பு அசையாது. எத்தனை ஏக்கரில் சாகுபடி நடக்கிறது, எத்தனை குடும்பங்கள் விவசாயக் கூலியை நம்பி இருக்கின்றன, எத்தனை பேர் நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். சாகுபடிக் கணக்கு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் இருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை கிராம சபையிலேயே கேட்கலாம். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

தலைவர் பார்த்துக்கொள்வார் என்று காத்திருப்பதும் தவறு. 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியே முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. இணைப்புப் பேச்சு சூடாக இருந்த நேரத்தில், பேச வேண்டிய நாற்காலி பல ஊர்களில் காலியாக இருந்தது. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று எழுந்து கேளுங்கள். ஏறிய பக்கத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

அடுத்தது, ஆட்சேபனைக்கான கெடு. அறிவிப்பிலேயே நாள் குறிப்பிட்டிருப்பார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஊர் மறியலில் நிற்கும், மறியல் முடிந்து மனு எழுத உட்காரும்போது நாள் கடந்திருக்கும். ஒரே வாசகத்தை ஐந்நூறு நகல் எடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அலுவலகத்தில் அதை ஒரே மனுவாகத்தான் பார்ப்பார்கள். பால் மாடு வைத்திருப்பவர் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி எழுதட்டும், சுயஉதவிக் குழுப் பெண்கள் தங்கள் கடனையும் வேலையையும் பற்றி எழுதட்டும். மனுவை நேரில் கொடுத்தால் ஒப்புகை ரசீது வாங்குங்கள், இல்லையென்றால் விரைவுத் தபாலில் பதிவு செய்து அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால், ‘ஆட்சேபனை கொடுத்தோம், பரிசீலிக்கவில்லை’ என்று சொல்ல அந்தத் துண்டுச் சீட்டுதான் சாட்சி.

எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் நினைப்பது வேறு. ஊரே ஒரே குரலில் பேசுகிறது என்று நாமே முடிவு செய்துகொள்வது.

உள்ளே போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வராமல் பத்து வருடம் அலைந்த காலனி மக்களுக்கு மாநகராட்சி என்றால் ஒரு நம்பிக்கை. சாலையோரம் நிலம் வைத்திருப்பவருக்கு மனை விலை ஏறும் என்ற கணக்கு. டவுனுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தெருவிளக்கும் பேருந்தும் முக்கியம். இவர்களை ‘ஊருக்குத் துரோகம் செய்கிறார்கள்’ என்று ஒதுக்கிய ஊரில் அப்புறம் என்ன நடக்கும்? அவர்கள் தனியாகப் போய் இணைப்புக்கு ஆதரவு மனு கொடுப்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இத்தனை வருடம் ஊராட்சி அவர்களுக்கு என்ன செய்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஊராட்சியைக் காப்பாற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கூட்டத்தைக் கோயில் திடலில் மட்டும் போடாமல் காலனியிலும் போடுங்கள். அங்கே சொல்வதைக் குறித்துக்கொண்டு, அந்தக் குழாயையும் அந்தச் சாலையையும் அதே கிராம சபையில் முதல் தீர்மானமாக வையுங்கள்.

அப்புறம் வதந்தி. ‘பட்டா செல்லாது’, ‘நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டால் கூட்டம் சேரும்தான். பட்டா வருவாய்த் துறையின் விஷயம், உள்ளாட்சி மாறியதால் ரத்தாகாது. ஒரு பொய் வெளிப்பட்டால் மற்ற நிஜங்களும் சேர்ந்து அடிபடும். நிஜமே போதுமான அளவு கனமானது. நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டும் உரியது, நகரம் ஆனால் அந்த வேலை போய்விடும். வேறு வருமானம் இல்லாத வயதான பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வரியைப் பாருங்கள்: 2022-இல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி, இடத்தையும் கட்டடப் பரப்பையும் பொறுத்து, 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், மேயரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள். மூவாயிரம் பேர் உள்ள ஊர் மாநகராட்சிக்குள் போனால் ஒரு வார்டில் ஒரு மூலை.

சேராமல் இருந்தால் நகரம் நம்மைத் தொடாது என்று நினைக்க வேண்டாம். சென்னையின் குப்பை பெருங்குடிக்குப் போனது, பெருங்குடி 2011-இல் மாநகராட்சியில் சேர்வதற்குப் பல வருடங்களுக்கு முன்பே. குளத்தையும் வாய்க்காலையும் காக்கும் வேலை இணைப்பு நின்றாலும் நிற்காது.

கடைசியாக ஒன்று. தோற்றுப்போனால் என்ன கேட்பது என்று பேசுவதையே சிலர் சரணாகதியாகப் பார்க்கிறார்கள். 2011-இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோது 25 ஊராட்சிகள் உட்பட 42 உள்ளாட்சிகள் உள்ளே போயின. அந்த அளவுக்கு எல்லை நகரும்போது எல்லா ஊரும் தப்பிவிடாது. ஆட்சேபனை மனுவைக் கொடுத்த கையோடு இரண்டாவது மனு ஒன்றையும் தயாராக வைத்திருங்கள்: வரியைப் படிப்படியாக உயர்த்த வேண்டும், நூறு நாள் வேலையை இழப்பவர்களுக்கு மாற்று வேலை வேண்டும், குளமும் மேய்ச்சலுக்கான அரசு நிலமான மேய்க்கால் புறம்போக்கும் வேறு பயன்பாட்டுக்குப் போகக்கூடாது, வார்டு எல்லை ஊரை இரண்டாகப் பிளக்கக்கூடாது. வார்டு வரையறைக்கும் தனியாக வரைவு வரும், அதற்கும் ஆட்சேபனை நாள் உண்டு. இணைப்பில் தோற்ற சோர்வில் ஊர்கள் கவனிக்காமல் விடுவது அந்த நாளைத்தான்.