பிள்ளை இந்தியக் குடிமகன், பெற்றவளுக்கு என்ன வழி?

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மனுவும் எழுதிக் கொடுப்பேன். கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். தலைமன்னாரிலிருந்து படகேறி தனுஷ்கோடி மணல் திட்டில் இறங்கி, முகாமில் பதிந்து, இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டவர்கள் ஒரு பக்கம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, கொழும்பிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் விமானத்தில் வந்த மருமகள்கள் இன்னொரு பக்கம். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "பெடியன் இந்தியாக்காரன். அப்ப நான் ஆர், அண்ணை?"

பிள்ளை குடிமகன் என்றால் பெற்றவளும் தங்கலாம் என்று ஐரோப்பாவில் இருக்கிற சொந்தக்காரர்கள் போனில் சொல்லி நம்பிக்கை கொடுத்திருப்பார்கள். அங்கே அது உண்மையும்கூட. பெல்ஜியத்தில் வாழ்ந்த கொலம்பியக் குடும்பம் ஒன்றின் வழக்கில், சின்னப் பிள்ளைகள் அந்நாட்டுக் குடிமக்களாக இருக்கும்போது பெற்றவருக்கு அங்கே தங்கவும் வேலை பார்க்கவும் உரிமையை மறுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. நம் 1955 குடியுரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. இங்கே குடியுரிமை பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு வரும், பிள்ளை வழியாகப் பெற்றோருக்கு வராது. உங்களுக்கான வழி கல்யாணப் பதிவிலும், நீங்கள் நாட்டுக்குள் வந்த விதத்திலும்தான் இருக்கிறது.

அதற்கு முன், பிள்ளை உண்மையிலேயே குடிமகன்தானா என்று பாருங்கள். இங்கே பிறந்தாலே போதும் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்கு அது போதும். பெற்றோர் யார், எப்படி வந்தார்கள் என்ற கேள்வியே இல்லை. 1986 ஏப்ரலில் இதே மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி, 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது இந்த விதியை வைத்துத்தான். உங்கள் வீட்டில் 1983-க்கும் 1987 ஜூனுக்கும் இடையில் பிறந்தவர் இருந்தால், மற்றதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அவருடைய பிறப்புச் சான்றைத் தேடி எடுங்கள்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்துதான் சிக்கல். ஒருவர் இந்தியர் என்றால் மட்டும் போதாது, மற்றவர் பிள்ளை பிறந்த அன்றைக்குச் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் உள்ளே வந்தவரும், விசா முடிந்தபின் தங்கியவரும் சட்டத்தின் கண்ணில் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். அப்பா ராமேஸ்வரத்துக்காரர், அம்மா படகில் வந்தவர், பிள்ளை 2010-ல் பிறந்தது என்றால், அந்தப் பிள்ளை பிறப்பால் குடிமகன் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். மைனர் பிள்ளை என்ற வகையில் பதிவுக்கு மனுப் போடும் வழி ஒன்று இருக்கிறது. அதை வக்கீலோடு உட்கார்ந்து பேசிச் செய்ய வேண்டும்.

விமானத்தில் வந்த மருமகள்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது இதுதான்: பிரசவத் தேதிக்கு முன்னாலேயே விசாவை நீட்டித்து வையுங்கள். அவசரத்தில் ஆஸ்பத்திரிப் பையில் துணி வைக்கிறோம், காப்புக்கயிறுகூட வைக்கிறோம், விசா முடிகிற தேதியை யாரும் பார்ப்பதில்லை. பிள்ளை பிறந்த நாளில் செல்லுபடியாக இருந்த விசா பக்கத்தையும், உள்ளே வந்த முத்திரை இருக்கிற பக்கத்தையும் நகல் எடுத்து, பிறப்புச் சான்றோடு சேர்த்தே வையுங்கள். பத்து வருடம் கழித்துப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் போடும்போது உங்களிடம் புதுப் பாஸ்போர்ட்தான் இருக்கும். அதில் அந்தப் பழைய விசா இருக்காது.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் செலவில்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் வருவாய்த் துறை உத்தரவு வரைக்கும் அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்று ஒன்றுதான், பள்ளிக்கூட டிசி செல்லாது.

அடுத்தது கல்யாணம். ஜமாஅத் புத்தகமும் கோயில் ரசீதும் ஊருக்குப் போதும், விசா அலுவலகத்துக்குப் போதாது. தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். இந்தப் பதிவுச் சான்றைப் பின்னால் கேட்பார்கள்.

இலங்கைப் பாஸ்போர்ட்டும் சரியான விசாவும் கையில் இருந்தால், இந்தியரின் துணைக்குரிய நுழைவு விசாவுக்கு மாறிக்கொள்ளலாம். வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்திலேயே மனுப் போடலாம். பதிவான கல்யாணம் இரண்டு வருடம் தொடர்ந்து நிலைத்திருந்தால் ஓசிஐ அட்டைக்கு (இந்தியரோடு தொடர்புள்ள வெளிநாட்டினருக்கு அரசாங்கம் தருவது, குடியுரிமை அல்ல) போகலாம். அது கிடைத்தபின் விசா நீட்டிக்கிற தொல்லை இல்லை, ஆயுசுக்கும் இங்கே இருக்கலாம். ஓட்டுரிமை வராது, விவசாய நிலம் வாங்க முடியாது, விவாகரத்தானால் அட்டையும் போய்விடும். குடியுரிமையே வேண்டும் என்றால் இந்தியரைக் கல்யாணம் செய்து ஏழு வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போடும் முன் கடைசி 12 மாதம் தொடர்ந்து இங்கேயே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டு வருடத்தில் ஆறு வருடம் இருந்தால் போதும். அம்மாவைப் பார்க்கக் கொழும்பு போகிற ஆசை அந்தப் பன்னிரண்டு மாதத்தில் வந்தால், அம்மாவை இங்கே கூப்பிடுங்கள்.

படகில் வந்தவர்களுக்கு இந்தக் கதவு எதுவும் லேசில் திறக்காது. சென்னையில் இருக்கிற துணைத் தூதரகத்தில் இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்தாலும், அதில் உள்ளே வந்த முத்திரை இருக்காது. 2025 செப்டம்பரில் வந்த புதுக் குடிவரவுச் சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணை வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்காகத் தண்டிக்க மாட்டார்கள். அதைக் குடியுரிமை என்று சொல்லி முகாமில் இனிப்புக் கொடுத்தவர்களும் உண்டு. தண்டனை இல்லை, அவ்வளவுதான். 2022 மார்ச் முதல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் வந்தவர்களை இந்த ஆணை தொடவே இல்லை. ஆகவே முகாம் பதிவு அட்டையை உயிராய் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வந்த தேதிக்கு அரசாங்கம் கொடுத்த சாட்சி அது ஒன்றுதான்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கத்தைய பத்திரத்தில் 'ராசா' என்று முடிகிற அப்பா, இங்கே பிள்ளையின் சான்றில் 'ராஜா' ஆகிவிடுவார். அங்கே அப்பா பெயரோடு இருந்தவள், முகாம் அட்டையில் புருஷன் பெயரோடு இருப்பாள். நாம் வாசித்தால் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லி, பிரதேச செயலகத்தில் பிறப்புப் பத்திரத்தின் சான்றிட்ட பிரதி வாங்கி, அதிலுள்ள எழுத்தையே இங்கேயும் பின்பற்றுங்கள். ஏற்கெனவே மாறியிருந்தால் நோட்டரியிடம் 'இரண்டு பெயரும் ஒரே ஆள்' என்று பிரமாணப் பத்திரம் போடலாம். எதையும் லேமினேட் செய்யாதீர்கள். உப்புக்காற்றுக்குப் பயந்து செய்கிறார்கள், பிறகு பின்பக்கத்தில் அதிகாரி சீல் வைக்க இடம் இருக்காது. டப்பாவில் போட்டு மூடி வைத்தால் போதும்.

ஏஜெண்டு யாராவது காசுக்கு வாக்காளர் அட்டையோ இந்தியப் பாஸ்போர்ட்டோ எடுத்துத் தருகிறேன் என்றால் விரட்டிவிடுங்கள். பொய் சொல்லிப் பாஸ்போர்ட் எடுப்பது 1967 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். நேர்வழியில் பின்னால் போடுகிற மனுவையும் அது கெடுத்துவிடும். ஆதார் இங்கே வசிப்பதற்கான அட்டை, அதைக் காட்டிக் குடியுரிமை கேட்க முடியாது.

வக்கீலுக்குக் காசில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ராமநாதபுரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-க்கு அடித்தும் கேட்கலாம். போகும்போது ஒரிஜினலைக் கையில் கொண்டு போங்கள், போனில் எடுத்த படத்தில் சீல் தெரியாது.