பிட்சரைத் தேடும் முன் கேட்சரைத் தயார் செய்யுங்கள்

மதுரையிலும் அதன் சுற்று வட்டாரத்திலும் கல்லூரி பேஸ்பால் அணிகள் உருவாகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் கீப்பரின் கைக்கே எறியக்கூடிய மாணவரையோ, ஈட்டி எறிதலில் பரிசு பெற்றவரையோ பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, நிறுத்துகிறார்கள். மற்ற இடங்கள் எல்லாம் நிரம்பிய பிறகு, மிச்சமிருப்பவர் முகத்தில், பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கவசத்தை மாட்டிவிடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வலுவான கை வாய்ப்பின் கதவைத் திறக்கும் என்பது உண்மைதான். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறிதல் வீரர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகிய இருவரையும் 2008-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது அந்தக் கையின் வலுவுக்காகத்தான். ஆனால் இருவருமே தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் களத்தை எட்டவில்லை. வேகத்துக்கு அப்பால் கற்க வேண்டியது அவ்வளவு இருக்கிறது. அதில் பாதி கேட்சரின் கையில் இருக்கிறது.

பிட்சர் நிற்கும் ரப்பர் பலகைக்கும் பேட்டரின் அருகே தரையில் பதிந்த ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.4 விநாடிதான் ஆகும். பேட்டர் பந்தைப் பார்த்து முடிவெடுக்க அதில் பாதி நேரம்கூடக் கிடைப்பதில்லை என்பதால், அவர் முன்கூட்டியே ஊகித்துத்தான் மட்டையைச் சுழற்றுகிறார். அந்த ஊகத்தைப் பொய்யாக்குவதே பிட்சிங். மேஜர் லீக் பிட்சர் கிரெக் மாடக்ஸ் 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு முறை சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றது வேகத்தால் அன்று. 3,371 பேட்டர்களை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பு) செய்த அவர், தம் ஆட்டக்காலம் முழுவதிலும் 999 பேரை மட்டுமே வாக் ஆக (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸுக்கு இலவசமாகச் செல்ல) விட்டார்.

ஆகவே புதிய பிட்சருக்கு முதலில் கற்பிக்க வேண்டியது, நேராக வேகத்தோடு வீசும் ஃபாஸ்ட்பாலை 17 அங்குல அகலமுள்ள பிளேட்டின் இரு ஓரங்களிலும் தாழ்வாக, கேட்சர் மிட்டை (கையுறையை) காட்டும் இடத்தில் போடுவதுதான். அது கைவந்த பிறகு, ஃபாஸ்ட்பால் போலக் கிளம்பி மெதுவாக வரும் சேஞ்ச்அப்பைக் கற்பியுங்கள். வளைந்து இறங்கும் கர்வ்பாலும் பக்கவாட்டில் நழுவும் ஸ்லைடரும் அதற்கு அப்புறம்தான். சேஞ்ச்அப்புக்குப் பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாக வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் பக்கவாட்டில் ஒரு வளையமாகச் சேர, மற்ற மூன்று விரல்களும் மேலே படிந்திருக்கும்படி பிடிக்க வேண்டும். பிறகு ஃபாஸ்ட்பாலுக்குச் சுழற்றும் அதே வேகத்தில் கையைச் சுழற்ற வேண்டும். வேகத்தைக் குறைப்பது பிடியின் வேலை, கையின் வேலை அன்று. பிட்சர் தானே கையைத் தளர்த்தினால், பார்த்துக்கொண்டிருக்கும் பேட்டருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இனி திட்டத்துக்கு வருவோம். ஒரு பேட்டருக்கு எதிரான முதல் பந்து ஸ்ட்ரைக் ஆக (உரிய எல்லைக்குள் வந்ததாக அல்லது பேட்டர் அடிக்க முயன்று தவறவிட்டதாக) இருப்பதைவிட முக்கியமானது வேறில்லை. பால் (எல்லைக்கு வெளியே வந்து பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து) எதுவும் இல்லாமல் ஒரு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டால் பிட்சர் எதை வேண்டுமானாலும் போடலாம். மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக் என்றாகிவிட்டால் பேட்டர் ஃபாஸ்ட்பாலுக்காகவே காத்திருப்பார். ஒரு பால், ஒரு ஸ்ட்ரைக் என்ற கவுண்டில் (எண்ணிக்கையில்) விழும் அடுத்த பந்துதான் பல மோதல்களைத் தீர்மானிக்கிறது என்பதால், அந்தக் கட்டத்தில் பிட்சர் மிகவும் நம்பும் பந்தையே கேட்சர் கேட்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்து பால் எதுவும் இல்லாதபோது, ஸ்ட்ரைக் போலக் கிளம்பித் தரையை நோக்கி இறங்கும் கர்வ்பாலை வீசி, பேட்டரைத் துரத்த வைக்கலாம்.

கேட்சரின் அருமை வெளிப்படுவது இங்கேதான். பந்து நழுவினால் ஓடி ரன் எடுக்கக் காத்து மூன்றாவது பேஸில் எதிரணி ரன்னர் நிற்கும்போது, தரையில் குத்தும் பந்தைக் கேட்சர் நிறுத்துவார் என்ற நம்பிக்கை இல்லாத பிட்சர் அந்தக் கர்வ்பாலைப் போடவே மாட்டார். அவர் பந்தைச் சற்று உயரத்தில் தொங்கவிடுவார். அது அடி வாங்கும். பிட்சரைப் பயிற்சியாளர் கடிந்துகொள்வார். குறையோ பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும். ஆகவே தரையில் குத்தும் பந்தை மறிக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வையுங்கள். இரு முழங்கால்களும் ஒருசேரத் தரையில் இறங்க வேண்டும், மிட் கால்களின் நடுவே இடைவெளியை அடைக்க வேண்டும், தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், தோள்கள் முன்னால் வளைந்திருக்க வேண்டும். பந்தைப் பிடிப்பது இங்கே நோக்கமே அன்று. நெஞ்சில் பட்டு முன்னால் விழச் செய்தால் போதும். நம் ஊர் மைதானங்களில் காய்ந்து இறுகிய தரையிலிருந்து பந்து கல்லில் பட்டதுபோல் எகிறும் என்பதால், முதல் சில வாரங்கள் டென்னிஸ் பந்தை வைத்தே பழக்குங்கள். அடிபடும் பயத்தில் தலையைத் திருப்பும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் அதைப் போக்குவது கடினம். தொண்டையும் காதும் கவசத்துக்கு வெளியே வந்துவிடுவதால் அது ஆபத்தும்கூட.

தாழ்ந்து வரும் ஸ்ட்ரைக்கைப் பிடிக்கும்போது மிட் பந்துக்குக் கீழே இருந்து மேல்நோக்கி வர வேண்டும். பிடித்த பிறகு பிளேட்டை நோக்கி இழுக்கும் வழக்கத்தை அம்பயர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். அது நல்ல ஸ்ட்ரைக்கின் மேலும் சந்தேகத்தை உண்டாக்கும்.

எந்தப் பந்தைப் போடுவது என்று பிட்சருக்குக் காட்டும் சிக்னல் விஷயத்தில் கல்லூரி ஆட்டத்துக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கல்லூரி அணிகள் பலவற்றில் எந்தப் பந்து என்பதை வெளியிலிருந்து பயிற்சியாளரே சொல்கிறார். தொழில்முறை ஆட்டத்தில் கேட்சரே தீர்மானிப்பது வழக்கம். சிக்னலைத் திருடுவதும் உண்டு: மேஜர் லீகின் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2017-ல் கேமரா வழியே எதிரணியின் சிக்னல்களைப் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டித் தன் பேட்டர்களுக்குத் தெரிவித்தது விசாரணையில் உறுதியானது. 2022 முதல் மேஜர் லீகில் கேட்சர் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும் பிட்ச்காம் கருவி பயன்பாட்டில் இருக்கிறது. நமக்கு விரல்களே போதும்: ஒன்று ஃபாஸ்ட்பால், இரண்டு கர்வ்பால், மூன்று ஸ்லைடர், நான்கு சேஞ்ச்அப் என்பது பொதுவான வழக்கு. இரண்டாவது பேஸில் எதிரணி ரன்னர் இருந்தால் அவர் விரல்களைப் பார்க்க முடியும் என்பதால், வரிசையாகப் பல சிக்னல்களைக் காட்டி, அவற்றில் எத்தனையாவது உண்மை என்பதை முன்னரே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மாலை வெளிச்சம் மங்கும்போது விரல்கள் தெரியவில்லை என்று பிட்சர் சொன்னால், கேட்சரின் நகங்களுக்கு வெள்ளை நகப்பூச்சு பூசிவிடுங்கள்.

எந்தப் பந்து என்பதைக் கேட்சரே தீர்மானிக்கப் பழக்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் பிட்சரும் கேட்சரும் அருகருகே அமர்ந்து, அடுத்து வரப்போகும் மூன்று பேட்டர்களைப் பற்றிப் பேச வேண்டும்: யார் முதல் பந்தையே அடிப்பவர், யார் வெளிப்பக்கப் பந்துக்குக் கையை எட்டிப் போடுபவர் என்று. ரன் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நிற்கும் பிட்சரிடம் கேட்சர் நடந்து சென்று, "அதை விட்ருடா, அடுத்த பந்து தாழ்வா வெளியே, அதை மட்டும் பாரு" என்று சொல்வதற்கு ஈடான அறிவுரை வெளியிலிருந்து கிடைக்காது.

பிட்சர் வீசும்போதே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் பேஸ் திருட்டு நடந்தால் பழி கேட்சர்மேல் விழுவதும் சரியன்று. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் ஏறத்தாழ 38.8 மீட்டர். தொழில்முறை கேட்சரே பந்தைப் பிடித்து அங்கே சேர்க்க 2 விநாடி அளவு எடுத்துக்கொள்கிறார். பிட்சர் காலைத் தூக்கத் தொடங்கியதிலிருந்து பந்து மிட்டில் விழும்வரை 1.3 விநாடிக்குள் முடித்தால்தான் அந்த எறிதலுக்குப் பலன் உண்டு. ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்து இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள். பல அணிகளில் பிட்சரின் காலே குற்றவாளி என்பது தெரியவரும்.

பிட்சர் மேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமதரையில் பழகியவர் வெளியூர்ப் போட்டியில் 10 அங்குல மேட்டில் ஏறியதும் பந்து கட்டுப்பாட்டை மீறும். களிமண் கூடுதலான செம்மண்ணைத் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் அடுக்கடுக்காக இடித்து, ரப்பருக்கு முன்னால் அரை அடி விட்டு, அடிக்கு ஓர் அங்குலம் சரியும்படி மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேட்டைக் கட்டிவிடலாம்.

இறுதியாகக் கைகளின் ஓய்வு. அமெரிக்கக் கல்லூரிகளில் வார இறுதித் தொடர் என்பதால் முதன்மைப் பிட்சர் வாரத்துக்கு ஒருமுறையே ஆட்டத்தைத் தொடங்குகிறார். இங்கே போட்டிகள் அடுத்தடுத்த நாட்களில் நடப்பதால், ஒரே பிட்சரைத் தொடர்ந்து இறக்கும் ஆசை எழுகிறது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். 19 முதல் 22 வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 120 பந்துகளே உச்ச வரம்பு என்று மேஜர் லீகின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல் சொல்கிறது. அவ்வளவு வீசியவருக்கு ஐந்து நாள் ஓய்வும் தேவை. எண்ணிக்கையைக் குறிக்க ஒருவரை நியமியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் முழுக் கவசத்தோடு அமர்ந்து எழும் கேட்சருக்கும் மாற்று ஆள் ஒருவரைத் தயாராக வைத்து, பயிற்சியைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்து, இடையிடையே உப்பிட்ட நீர்மோர் கொடுங்கள்.