பாட்டியின் அடுப்படியிலிருந்து அகேடிய வம்சாவளி வரை: தேடலைத் தொடங்கும் முறை

அகேடியர்கள் 17ஆம் நூற்றாண்டில் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள். 1755இல் பிரிட்டிஷார் அவர்களைக் கப்பலேற்றி நாடுகடத்தத் தொடங்கினர். குடும்பங்கள் சிதறின, ஆவணங்கள் பல அழிந்தன. ஆகவே தாத்தா பாட்டியைப் பற்றிய சிறுவயது நினைவுகளை ஒதுக்கிவிடாமல், ஆவணக் காப்பகத்தை நாடும் முன்பே அவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உணவை நினைவுகூருங்கள். துருவிய உருளைக்கிழங்கைத் துணியில் இட்டுச் சாறு போகப் பிழிந்து, மசித்த கிழங்குடன் பிசைந்து, நடுவே உப்பிட்ட பன்றி இறைச்சியை வைத்து உருட்டி, பாட்டி அதைக் கொதிநீரில் வேகவைத்திருந்தால், அது ‘பூட்டீன் ராப்பே’. குடும்பத்தின் வேர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் தென்கிழக்கில் இருக்கக்கூடும். பிழிந்த கிழங்கைத் தட்டில் பரப்பி அடுப்பில் சுட்டிருந்தால், நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்குக் கரையை முதலில் தேடிப் பாருங்கள்.

அடுத்தது, ஊரார் தாத்தாவை அழைத்த பெயர். ஒரே குடும்பப்பெயர் ஊரெங்கும் இருந்ததால் ‘பியேர் ஆ ழான் ஆ மார்செல்’ என்று அழைப்பது அகேடியர் வழக்கம். மார்செலின் மகன் ழான், அவர் மகன் பியேர் என்பது அதன் பொருள். இப்படி ஒரு பெயர் நினைவிருந்தால் மூன்று தலைமுறை கையில் இருக்கிறது. குடும்பப்பெயர் ஆங்கிலமாகியிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்: லெப்ளான் ‘ஒயிட்’ ஆனதும், புவாரியே ‘பெர்ரி’ ஆனதும் உண்டு.

பிறகு உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். பங்குக் கோவிலின் திருமணப் பதிவேடே மிகச் சிறந்த துணை. அதில் பெரும்பாலும் இருதரப்புப் பெற்றோரின் பெயர்களும் இருக்கும், தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் கிடைக்கும். உறவுமுறைத் திருமணத்துக்குத் திருச்சபை விலக்கு அளித்திருந்தால் அந்தப் பதிவை ஒரு சொல் விடாமல் படியெடுங்கள். ‘மூன்றாம் படி’ என்றிருந்தால் மணமக்களுக்குக் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி பொது. ‘நான்காம் படி’ என்றால் அதற்கும் ஒரு தலைமுறை மேலே. பதிவேடுகள் தொலைந்துபோன காலத்தின் உறவுகளைக்கூட இந்தச் சிறு குறிப்பைக் கொண்டு மீட்டெடுத்திருக்கிறார்கள்.

ஆவலில் நேரே அகேடியர் குடியேற்றத்தின் 1671ஆம் ஆண்டுக் குடிக்கணக்குக்குத் தாவாதீர்கள். கணவன், மனைவி, பிள்ளைகள், வயது, மாடு, ஆடு, நிலம் எனக் குடும்பவாரியாக அது பதிவுசெய்திருப்பது உண்மைதான். ஆனால் இடையில் ஒரு கண்ணி தவறினாலும் வேறொருவரின் வம்சத்தில் போய் நிற்பீர்கள். அகேடியர் ஊரான போர்-ருவாயாலின் 1702 முதல் 1755 வரையிலான பதிவேடுகளை நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. மற்றோர் அகேடியர் ஊரான கிராண்ட்-ப்ரேயின் பதிவேடுகளில் ஒரு பகுதி, நாடுகடத்தப்பட்டவர்களோடு இன்றைய அமெரிக்காவின் லூசியானா வந்து சேர்ந்து, இன்று பேட்டன் ரூஜ் மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கிறது. நியூ பிரன்ஸ்விக்கிலுள்ள மோங்டன் பல்கலைக்கழகத்தின் அகேடிய ஆய்வு மையமும் பேருதவியாக அமையும்.

குடும்பம் பிரான்ஸ் வழியாகச் சென்றிருந்தால் பெல்-ஈல் தீவின் 1767ஆம் ஆண்டு வாக்குமூலங்களை அவசியம் பாருங்கள். 1765இல் அங்கே குடியமர்த்தப்பட்ட 78 குடும்பங்களின் தலைவர்கள், கையில் பதிவேடு இல்லாத நிலையில், தம் பெற்றோர், பாட்டனார் பெயர்களையும் பிறந்த ஊர்களையும் நினைவிலிருந்து சத்தியப்பிரமாணமாகச் சொல்ல, அவை எழுதப்பட்டன.