28 மி.மீ. படைக்கு ஒரு 6 பவுண்டர் பீரங்கி: கையாலேயே செய்யலாம்

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் பக்கத்துக் கோட்டைச் சுவரில், 1791 மார்ச் 21 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படை உடைத்து நுழைந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அந்தப் போரைச் சின்ன பொம்மை வீரர்களை வைத்து மேஜையில் ஆட, முதலில் ஒரு கள பீரங்கி செய்துகொள்வோம். 6 பவுண்டர் என்பது பீரங்கியின் எடை அல்ல. அது எறியும் இரும்புக் குண்டின் எடை, ஏறக்குறைய 2.7 கிலோ.

28 மி.மீ. உயர பொம்மை வீரர்களுக்கு 1:56 அளவு (நிஜத்தில் 56 மி.மீ. என்றால் மாடலில் 1 மி.மீ.) பொருந்தும். 5 அடிக் குழல் 27 மி.மீ. ஆகும். மாடல் பீரங்கிகள் பெரும்பாலும் வண்ணத்தில் அல்ல, இந்த அளவில்தான் கெடுகின்றன. வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

குழல். பழைய பெயின்ட் பிரஷ்ஷின் மரக் கைப்பிடி தானாகவே கூம்பி வரும். பின்பக்கம் 5, வாய்ப்பக்கம் 3.5 மி.மீ. தடிமன் வரும்படி உப்புத்தாளால் தேயுங்கள். வாய்ப்பக்கத்தை நறுக்கி, நடுவில் ஊசியால் ஒரு குழி போட்டு, 1.5 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். (இந்த பிட்டும் அதைப் பிடிக்கும் கைத்துளைப்பானும் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும்.) ஊசிக்குழி இல்லாவிட்டால் பிட் மர இழையோடு வழுக்கிக்கொண்டு போகும். துளைத்த பிறகே 27 மி.மீ.யில் வெட்ட வேண்டும். துண்டு சிறியதானால் விரலில் நிற்காது. பின்முனைக் குமிழுக்குக் குண்டூசித் தலை போதும். வளையங்களுக்கு 1 மி.மீ. தாள் பட்டையை ஃபெவிகாலில் இரண்டு சுற்று சுற்றுங்கள்.

குழலைத் தாங்கும் பக்க முளைகளை நட்டநடுவில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அக்கால வழக்கப்படி அவை பின்முனையிலிருந்து நீளத்தில் ஏழில் மூன்று பங்குத் தூரத்தில், மைய அச்சுக்குச் சற்றுக் கீழே இருக்கும். நமக்கு 11.5 மி.மீ. அங்கே குறுக்கே துளைத்து, தேய்த்து மெலிந்த பல்குத்தியைச் செருகுங்கள். பின்பக்கம் கனமாக இருந்தால்தான் குழல் வண்டியில் அடங்கி உட்காரும்.

வண்டி. ஐஸ்கிரீம் குச்சியில் 45 மி.மீ. நீளத்தில் இரண்டு பலகை. முன்பக்கம் 7, வால்பக்கம் 4 மி.மீ. உயரம். முன்னால் 4.5, பின்னால் 7 மி.மீ. இடைவெளி விட்டு மூன்று குறுக்குக் கட்டைகளால் இணையுங்கள். இணையாக ஒட்டினால் குழலின் தடித்த பின்பகுதி உள்ளே இறங்காது.

சக்கரம். 23 மி.மீ. விட்டம், 12 ஆரங்கள். 2 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் லேசர் கட்டிங் கடையில் வெட்டச் சொல்லுங்கள். ஆரத்தின் அகலம் 1.2 மி.மீ.க்குக் குறைந்தால் கருகி ஒடியும். விளிம்புக் கரியை உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள், அதன் மேல் பெயின்ட் நிற்காது. மூங்கில் குச்சி அச்சில், சக்கரங்களுக்கு நடுவே 26 மி.மீ. இருக்கட்டும். ஒரு வீரனைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்: குழலின் வாய் அவன் இடுப்புக்குச் சற்று மேலே வர வேண்டும்.

பெயின்ட். பெங்களூரின் மழை மாலைகளில் ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) ஸ்ப்ரே வேண்டாம். ஈரக்காற்றில் பரப்பு மணல்போல் சொரசொரக்கும். வெயில் ஏறிய காலை நேரம் நல்லது. வெண்கலக் குழலுக்குப் பளிச்சென்ற தங்க நிறம் பூசாதீர்கள். அடர்பழுப்பு அடித்து, பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் வெண்கலத்தைத் தடவுங்கள். வளையங்கள் அப்போதுதான் எழுந்து தெரியும்.