சேவ் மெனுவில் தவறான ஆட்டம் திறக்கிறதா?
அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் சேவ் மெனு எழுதுகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது: பட்டியலில் மூன்றாவதைத் தொட்டால் வேறொரு ஆட்டம் திறக்கும். பட்டியலை நிரப்பும் ஃபில்சேவ்கேம்லிஸ்ட் ஃபங்ஷன் கடைசியாகச் சேமித்ததை மேலே வைத்து வரிசைப்படுத்துவதால், பட்டியலின் வரிசை எண்ணும், அந்தச் சேவ் இருக்கும் ஸ்லாட் எண்ணும் ஒன்றல்ல. தேர்ந்தெடுத்த வரிசை எண்ணான செலக்டட்இண்டெக்ஸை அப்படியே ஆட்டத்தைத் திறக்கும் ரெஸ்டோர்கேம்ஸ்லாட்டுக்குக் கொடுக்காமல், ஸ்லாட் எண்களை வைத்திருக்கும் சேவ்கேம்ஸ்லாட்ஸ் அரேயில் அந்த இடத்தில் இருக்கும் எண்ணை எடுத்துக் கொடுங்கள். எதையும் தேர்ந்தெடுக்காதபோது இண்டெக்ஸ் -1 என வரும், அதை முதலிலேயே தடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு எண்களையும் டிஸ்ப்ளே போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று, சேமிப்பதற்கான சேவ்கேம்ஸ்லாட்டை அழைத்த உடனே ஆட்டம் சேமிக்கப்படுவதில்லை, அதை அழைத்த உங்கள் ஸ்கிரிப்ட் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் நடக்கும். அதனால் அடுத்த வரியிலேயே பட்டியலைப் புதுப்பித்தால் புதிய சேவ் அதில் இருக்காது. மெனுவை மறுபடி திறக்கும்போது நிரப்புங்கள்.