குறைமாதப் பிள்ளையின் மூளை வளர: மார்புச் சூடும் தேதிக் கணக்கும்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரெபேங்க் என்று எந்தப் பக்கம் போனாலும், குறைமாதப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் சொந்தபந்தம் கேட்பது ஒன்றுதான்: "ஆறு மாசம் ஆச்சே, இன்னும் தலை நிக்கலையா?" கேட்பவர்கள் பிறந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மூளை அப்படி எண்ணுவதில்லை. கரு உண்டான நாளிலிருந்து ஓடும் கணக்கு அதனுடையது. பிரசவம் முந்திவிட்டதால் அது வேகம் கூட்டுவதும் இல்லை.

ஆகவே முதல் வேலை கணக்கு. 40 வாரத்திலிருந்து பிள்ளை பிறந்த வாரத்தைக் கழியுங்கள். 29 வாரத்தில் பிறந்திருந்தால் 11 வாரம் பாக்கி. இன்று வயது ஆறு மாதம், அதாவது 26 வாரம். அதில் 11 போக 15 வாரம். இந்தப் பிள்ளையை மூன்றரை மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இதற்குத் திருத்திய வயது என்று பெயர். இரண்டு வயது வரை எடை, பார்வை, பேச்சு, நடை எல்லாவற்றையும் இந்த வயதை வைத்தே பாருங்கள். தடுப்பூசி மட்டும் விதிவிலக்கு: 6, 10, 14 வார ஊசிகளைப் பிறந்த தேதிப்படியே போட வேண்டும், கழிக்கக் கூடாது. கிளினிக்கில் தரும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிறந்த தேதியையும், பிறந்திருக்க வேண்டிய தேதியையும் பெரிதாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு நர்ஸ் பார்ப்பார். அந்த ஒரு வரி வீண் பயத்தையும் வீண் அலட்சியத்தையும் தடுக்கும்.

கர்ப்பத்தின் 24 முதல் 32 வாரம் வரை மூளைக்குள் பெரிய வேலை நடக்கிறது. கண், காது, தோலிலிருந்து வரும் செய்திகளைப் பிரித்தனுப்பும் தலாமஸிலிருந்து நரம்பிழைகள் மூளையின் மேற்பட்டைக்குப் போய்ச் சேர்வது அப்போதுதான். அந்த இழைகளுக்கு மேலுறை போடப் போகும் செல்களும் அந்தச் சமயத்தில் இளசாக இருக்கும். ஆக்ஸிஜன் குறைந்தாலும் கிருமி தொற்றினாலும் முதலில் அடிபடுபவை அவை. 34 வாரத்தில்கூட மூளையின் எடை நிறைமாத எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்திருக்க வேண்டிய தேதியை ஒட்டி எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால், தலாமஸுக்கும் மேற்பட்டைக்கும் நடுவிலுள்ள இணைப்புகள் நிறைமாதக் குழந்தைகளைவிட முதிர்ச்சி குறைந்து தெரிகின்றன. அந்த இணைப்பின் பலத்துக்கும் இரண்டு வயதில் காணும் அறிவுத்திறனுக்கும் தொடர்பு உண்டு. உச்சிக்குழி வழியாக எடுக்கும் சாதாரண ஸ்கேனில் இரத்தக்கசிவும் பெரிய சேதமும் தெரியும். இந்த நுட்பமான வேறுபாடு தெரியாது. எனவே "ஸ்கேன் நார்மல்" என்று கேட்ட நிம்மதியில் பின்தொடர் பரிசோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

கருப்பையில் நடந்திருக்க வேண்டிய அந்த வேலை இப்போது வெளியே நடக்கிறது. வெளியே கருப்பைக்கு மிக அருகில் வருவது பெற்றவரின் மார்புதான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறை இது. குறைமாதம், எடைக்குறைவு இரண்டுக்கும் இதைப் பிறந்த உடனேயே தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் செய்யச் சொல்லி உலக சுகாதார அமைப்பு 2022இல் பரிந்துரைத்தது.

செய்வது இப்படி. பிள்ளைக்கு டயப்பரும் தொப்பியும் போதும். உங்கள் மார்பில் துணி இருக்கக் கூடாது. பிள்ளையை இரண்டு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி, வயிறு உங்கள் மேல் படிய வையுங்கள். கால்கள் தவளைபோல் மடங்கி விரிந்திருக்கட்டும், கைகள் மடங்கி வாயருகே வரட்டும். தலையை ஒரு பக்கம் திருப்பி, பூ முகர்வது மாதிரி முகவாயைச் சற்றே தூக்கிவிடுங்கள். நீளமான பருத்தித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். மேல் விளிம்பு காதுக்குக் கீழே நிற்க வேண்டும். அதிகம் நடக்கும் தவறு இந்த இடத்தில்தான்: கட்டு தளர்ந்து பிள்ளை சரிந்தால் முகவாய் நெஞ்சில் இடித்து மூச்சுக்குழல் மடங்கிவிடும். மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். நீங்கள் மல்லாந்து படுக்காமல் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். ஒரு முறை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். ஒரு தூக்கச் சுற்று முடிய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், இணைப்புகள் வலுப்படுவது பெரும்பாலும் தூக்கத்தில்தான். அப்பாவின் மார்பும் இதே வேலையைச் செய்யும். கரண்ட் போன இரவிலும் இந்தச் சூடு குறையாது.

மார்பில் இல்லாத நேரத்தில் தடவிக் கொடுப்பதைவிடக் கையை அசைக்காமல் வைப்பதே மேல். ஒரு உள்ளங்கை உச்சந்தலையில், மற்றது மடக்கிய பாதங்களில், அவ்வளவுதான். மெல்ல வருடுவது நமக்கு அன்பு. 30 வாரப் பிள்ளையின் நரம்புக்கு அது கூச்சல். விரல்களை நட்சத்திரமாக விரித்தல், திரும்பத் திரும்ப விக்கல், கொட்டாவி, முகத்தைத் திருப்பிக்கொள்ளல், வாயைச் சுற்றி வெளிறுதல் எல்லாமே "போதும்" என்று பிள்ளை சொல்வது. உடனே பேச்சை நிறுத்தி, கையை அப்படியே வைத்துக் காத்திருங்கள். ஒரு சமயத்தில் ஒரு புலனுக்கு மட்டும் வேலை: தொடும்போது பேச வேண்டாம், பேசும்போது ஆட்ட வேண்டாம்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. இன்குபேட்டர் மூடியில் பாட்டிலை வைத்தாலே உள்ளே அதைவிட அதிகமாக முழங்கும். 32 வாரத்துக்குப் பிறகு மெல்லிய குரல் அவசியம். அந்த வாரங்களில் பெரியவர்களின் பேச்சைக் கூடுதலாகக் கேட்ட குழந்தைகள் பின்னாளில் மொழிச் சோதனையில் மேலாகச் செய்திருக்கிறார்கள். ஆயாவுக்குத் தமிழ் வருமென்றால் அவரே தாலாட்டுப் பாடட்டும். அம்மா இங்கிலீஷில் பேசட்டும். இரண்டு மொழி கேட்பதால் குறைமாதப் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகாது.

பாலைப் பிரசவமான சில மணி நேரத்திலேயே பீய்ச்சத் தொடங்கி, நாளுக்கு 8 தடவை எடுங்கள், இரவில் ஒரு தடவை உட்பட. டர்பன் வெயிலில் வெளியே வைக்காமல் நேராக ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். இரும்புச் சத்தைத் தாயிடமிருந்து பிள்ளை சேமிப்பது கடைசி மூன்று மாதத்தில்தான். அது கிடைக்காமல் பிறந்த பிள்ளைக்கு, நரம்பின் மேலுறை உருவாகவே இரும்பு தேவை என்பதால், தாய்ப்பால் மட்டும் குடித்தால் இரண்டு வாரத்திலிருந்து கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். அளவை டாக்டர் சொல்வார். சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் செறிவு வேறு. பாட்டில் மாறினால் பழைய மில்லிலிட்டர் அளவை ஊற்றிவிடாதீர்கள்.

வீட்டில் விட வேண்டியவை: குளிப்பாட்டியபின் போடும் சாம்பிராணிப் புகை (அந்த நுரையீரல் தாங்காது), நாக்கில் தேன் (ஒரு வயது வரை பொட்யூலிசம் என்ற நச்சு நோய் ஆபத்து), வாக்கிங் ரிங் (பிள்ளையை உள்ளே நிறுத்தும் சக்கர வளையம்). ரிங்கில் பிள்ளை நுனிக்காலில் உந்தி உந்திக் கெண்டைக்கால் தசையை இறுக்கக் கற்றுக்கொள்ளும், தவழும் வாய்ப்பும் போகும். தூங்கும்போது மல்லாந்து, விழித்திருக்கும்போது பார்வையில் வைத்துக் குப்புற. குப்புறப் போடுவதைச் சில நிமிடத்தில் தொடங்கிக் கூட்டுங்கள்.

1500 கிராமுக்குக் குறைந்தோ 32 வாரத்துக்கு முன்போ பிறந்திருந்தால் விழித்திரைப் பரிசோதனைத் தேதியை ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். குறைமாதப் பிள்ளையின் விழித்திரையில் வரும் நோய்க்குச் சிகிச்சை செய்யக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. செவிப் பரிசோதனையும் கட்டாயம். திருத்திய வயதில் மூன்று மாதம் ஆகியும் முகத்தைத் தொடர்ந்து பார்க்காவிட்டால், நான்கு மாதத்திலும் கை முஷ்டியாகவே இருந்தால், கால்கள் கத்தரிபோல் குறுக்கிட்டால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், அடுத்த முறைக்குக் காத்திராமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். "வளர வளரச் சரியாகும்" என்று யார் சொன்னாலும் காட்டுங்கள். முதல் வருடத்தில் தொடங்கும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம்.

இரண்டு வயதில் எல்லாம் சரியாக இருந்த பிள்ளைகளில் சிலருக்குக் கணக்கிலும், கவனத்திலும், சொன்னதை மனதில் வைத்து வேலை செய்வதிலும் தடுமாற்றம் பள்ளியில்தான் வெளிப்படும். கிரேட் ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) சேர்க்கும்போதே டிஸ்சார்ஜ் கடிதத்தின் நகலை ஆசிரியரிடம் கொடுத்து, எத்தனை வாரத்தில் பிறந்த பிள்ளை என்று சொல்லிவிடுங்கள்.