செல்லப்பிராணியின் வைத்தியச் செலவு கைமீறும்போது செய்யக் கூடாதவை

பணத்தை நினைத்துப் பயந்துதான் பலர் நாயையோ பூனையையோ டாக்டரிடம் காட்டாமல் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் செலவு ஏறுவதே பெரும்பாலும் அந்த நாட்களில்தான். உண்ணிக் காய்ச்சலை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பொதுவாக விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே சரியாகிவிடும். தட்டணுக்கள் இறங்கி மூக்கில் ரத்தம் வந்த பிறகு போனால் ட்ரிப்ஸ், ரத்தம் ஏற்றுவது என்று நீளும். கருத்தடை செய்யாத பெண் நாய், சூட்டுக்கு வந்துபோன சில வாரங்களில் ஓயாமல் தண்ணீர் குடித்துச் சுருண்டு கிடந்தால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது அடுத்த ஆபத்து. பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் போதும், உயிர் போய்விடும். அதன் உடம்பால் அந்த மருந்தை முறித்து வெளியேற்ற முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. நாய்க்கு இப்யூபுரூஃபன் கொடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்கும் கேடு.

டாக்டரிடம் பணநிலையைச் சொல்லாமல் இருப்பதுதான் நான் பார்த்தவரை பெரிய தவறு. கூச்சத்தில் எல்லாப் பரிசோதனைக்கும் தலையாட்டிவிட்டு, பில்லைப் பார்த்து அதிர்ந்து, மறுநாள் வராமலேயே நின்றுவிடுகிறார்கள். பாதி வைத்தியத்தில் கட்டிய பணமும் வீண், நோயும் திரும்பிவரும். "டாக்டர், என்னிடம் 3,000 ரூபாய்தான் இருக்கிறது. இதற்குள் முதலில் எதைச் செய்தாக வேண்டும்?" என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். எந்தப் பரிசோதனையின் முடிவு வைத்தியத்தை மாற்றும், எது காத்திருக்கலாம் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அரசு கால்நடை மருத்துவமனை என்றால் ஆடு மாடுகளுக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நாய், பூனைகளுக்கு அறுவை சிகிச்சை வரை நடக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி கல்லூரிகளிலும் காட்டலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே கிளம்புங்கள். பழைய சீட்டு, தடுப்பூசி அட்டை எல்லாம் கையோடு இருந்தால், செய்த பரிசோதனையையே மறுபடி செய்வது தவிரும்.

அவசரத்தில் கடன் ஆப்பில் பணம் எடுக்காதீர்கள், வட்டி விழுங்கிவிடும்.

அப்புறம், முடியவில்லை என்று தெருவில் விட்டுவிடுவது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். அதைவிட, வீட்டில் வளர்ந்த பிராணிக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. நோயோடு விட்டால் இன்னும் மோசம். உண்மையிலேயே வைத்துக்கொள்ள முடியாத நிலை என்றால், ஊரிலுள்ள விலங்கு நல அமைப்பிடம் முன்கூட்டியே பேசுங்கள். அங்கும் இடம் நெருக்கடிதான். அதனால் உறவினர், நண்பர்களிடமும் கூடவே கேட்டு வையுங்கள்.